பேனாவைத் தொடாத காவலாளியும் பன்னிரண்டு மணி ஏழு நிமிடமும்

"பேனாவை இப்போது தொட மாட்டேன் மிஸ்" என்றார் வாயில் காவலாளி.

சில வருடங்களுக்கு முந்திய சித்திரைப் புத்தாண்டு நாள். முற்பகல் பதினொரு மணி இருக்கும். நாட்டின் மின்சாரம் முழுவதையும் கட்டுப்படுத்தும் நிலையத்தின் வாயிலில், கையில் ஒரு சாப்பாட்டுப் பொதியுடன் நிற்கிறேன். பொதி கிராண்ட்பாஸிலிருந்து வந்தது. எங்கள் ஷிப்ட் தலைவர், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று அழைக்கும் ஃபாரூக்கின் வீட்டுப் புரியாணி. உள்ளே எது போனாலும் வாயில் புத்தகத்தில் பதிய வேண்டும் என்பது விதி. காவலாளியோ புத்தகத்தை மூடி, அதன் மேல் பேனாவை வைத்து, இரண்டையும் விட்டு ஒரு முழம் தள்ளி நின்றார்.

"நோனகதய மிஸ். வேலை தொடங்கும் நேரம் இன்னும் வரவில்லை" என்று சிங்களத்தில் விளக்கம் சொன்னார். தமிழர்கள் புண்ணியகாலம் என்று சொல்வதைத்தான் அவர்கள் நோனகதய என்கிறார்கள். அந்த நேரத்தில் எந்த வேலையும் தொடங்கக் கூடாது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்படியென்றால் காலையிலிருந்து காவல் காக்கிறீர்களே, அது வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

"அது நிற்பது மிஸ். எழுதுவதுதான் வேலை."

"சரி, எத்தனை மணிக்கு எழுதுவீர்கள்?"

"பன்னிரண்டு ஏழுக்கு. நாடு முழுக்க வேலை தொடங்கும் சுபநேரம் அதுதானே."

அப்போதே எழுதிக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே பொதியுடன் படியேறினேன். நாலாவது படியில் கால் நின்றுவிட்டது. புரியாணி வாசனை மூக்கில் ஏறுகிறது. நாடு முழுக்க, பன்னிரண்டு ஏழுக்கு. நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்பது அந்தப் படியில்தான் எனக்கு விளங்கியது.

யார் வீட்டுப் பெருநாள்

விளங்கியது என்ன என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் கட்டுப்பாட்டு அறையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

மின்சாரத்துக்கு லீவு கிடையாது. ஆகவே பெருநாள்களை நாங்கள் ஆளுக்காள் தாங்கிக்கொள்வோம். நத்தார் அன்று கொட்டாஞ்சேனைக்காரியான நான் நள்ளிரவுப் பூசை கண்டுவிட்டு வீட்டில் இருப்பேன், என் கதிரையில் சிங்களத் தோழன் வசந்த இருப்பான். நோன்புப் பெருநாளுக்கு ஃபாரூக் நானா வீட்டில், அவருடைய கதிரையில் நான். வெசாக்குக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் சிங்கள, இந்துத் தோழர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அறையில் மிஞ்சுவது நாங்கள், கிறிஸ்தவர்களான வேதக்காரரும் முஸ்லிம்களும். இப்படி ஓர் ஒப்பந்தம் எழுத்தில் எங்கும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரும் அதை மீறியதும் இல்லை. எனக்கு இந்த அலுவலகத்தில் பிடித்த விஷயங்களில் இது முதலாவது.

அதில் ஒரு பொத்தல் இருந்தது. புத்தாண்டு அன்று நாட்டை நடத்துகிற அறையில், புத்தாண்டின் சுபநேரங்களை மனப்பாடமாக அறிந்த ஒருவர்கூட இருக்க மாட்டார்.

ஒரு நேரம் மட்டும் எங்களுக்கும் தெரியும். அடுப்பு மூட்டும் நேரம். நாளைக்கு நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று முன்கூட்டியே கணித்துத் தாள் போடுவது என் வேலை. எல்லா வீடுகளும் ஒரே நிமிடத்தில் அடுப்பைத் தொட்டால் வரைபடத்தில் ஒரு மேடு எழும்பும், அதனால் அந்த நேரம் மட்டும் வருடாவருடம் என் தாளில் ஏறிவிடும். வேலை தொடங்குவது, கைவிசேஷக் காசு கொடுப்பது, தலையில் எண்ணெய் வைப்பது எல்லாம் வரைபடத்தில் தெரிவதில்லை. அவற்றை நான் ஒருபோதும் விசாரித்ததில்லை.

கூரைகளின் தொல்லை

இந்தப் பத்தியில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டுப் பாமன்கடையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "வெயில் சும்மா கிடைக்கிறது. கூரையில் பலகை போட்டு மின்சாரம் எடுக்கிறோம். கூடக் கிடைத்தால் நல்லதுதானே, ஏன் அழுகிறீர்கள்?"

ஐயா, அழவில்லை. கூரைப் பலகைகள் என்றால் எனக்கு உயிர். எண்ணெய்க் கப்பலை எதிர்பார்த்து நகத்தைக் கடித்த காலத்தை நான் பார்த்தவள். ஆனால் மின்சாரம், வேண்டிய அளவுக்கு வேண்டிய நொடியில் வர வேண்டும். கூடினாலும் கரைச்சல், குறைந்தாலும் கரைச்சல். எங்கள் அறைச் சுவரில் ஓர் எண் எரிந்துகொண்டே இருக்கும். ஐம்பதில் நின்றால் நாடு சுகம். ஏறினால் மின்சாரம் கூடிவிட்டது, இறங்கினால் குறைந்துவிட்டது. எந்தப் பக்கமும் அளவு மீறிப் போனால் நிலையங்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஒவ்வொன்றாய் விலகும், தீவு முழுக்க இருளும்.

அந்த எண்ணை நிதானமாக வைத்திருப்பவை சுழல்கிற பெரிய இயந்திரங்கள். எங்கள் கோவில் திருநாளில் சிலை வைத்த சுரூபக் கூடு தூக்குகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். தோள் கொடுப்பவர் நிறையப் பேர் என்றால் ஒருவர் தடுக்கினாலும் கூடு ஆடாது. நாலு பேர்தான் என்றால் ஒரு சின்னக் கல்லே போதும். ஆகவே அந்த இயந்திரங்களை நிறுத்தவும் முடியாது, ஓர் அளவுக்குக் கீழே குறைக்கவும் முடியாது.

இப்போது புத்தாண்டுப் பகலை எடுங்கள். தொழிற்சாலைகள் பூட்டு. கந்தோர்கள் பூட்டு. வானத்தில் சித்திரை வெயில். கூரைகளோ நான் சொல்வதைக் கேட்பதில்லை, எத்தனை இப்போது வேலை செய்கின்றன என்று என் திரையில் தெரிவதும் இல்லை. வேண்டியது கொஞ்சம், வருவது கொள்ளை. ஊர் சந்தோஷமாகப் பாற்சோறு கிண்டுகிற நாள்தான் எங்களுக்கு வருடத்தில் மிகப் பயங்கரமான நாள்.

அந்த வருடம் எங்கள் தலைமைப் பொறியாளரிடம் ஒரு பட்டியல் இருந்தது. அவரை நாங்கள் பெரியவர் என்போம். கூரைப் பலகைகள் நெருக்கமாக உள்ள பகுதிகளைப் பகலில் மொத்தமாகத் துண்டிப்பது என்பது அவர் திட்டம். பகுதி போனால் அதன் கூரைகளும் போகும். பட்டியலில் முதலாவது வெள்ளவத்தை, அடுத்தது நுகேகொடை, பிறகு பாமன்கடை. புத்தாண்டு அன்று மாடிவீடுகளில் லிப்ட் நின்று, தண்ணீர் ஏறாமல், வந்த விருந்தாளிகள் வியர்த்துக்கொண்டு இருப்பார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. "சேர், சனத்திடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். தங்கள் பலகையைத் தாங்களே நிறுத்தச் சொல்லுவோம்" என்றேன்.

"கேட்பார்களா?"

"கேட்காவிட்டால் உங்கள் பட்டியலை நானே என் கையால் செய்கிறேன்."

அவர் பட்டியலை இழுத்தார். எண் எந்த அளவைத் தாண்டினால் வெட்ட வேண்டும் என்று பட்டியலின் தலையில் எழுதி என்னிடமே தந்துவிட்டார். "அந்த நேரத்தில் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வெட்டு" என்றார். வாயால் கெடுவது எனக்குப் புதிதில்லை.

ஜெயந்தி சொன்ன நேரம்

எல்லாத் தொலைபேசிகளுக்கும் போகிற குறுஞ்செய்தியை எழுத உட்கார்ந்தேன். "புத்தாண்டு அன்று காலை ஒன்பது மணிக்கு உங்கள் சூரியப் பலகையை நிறுத்துங்கள்." எழுதியதை வெள்ளவத்தையில் இருக்கும் ஜெயந்திக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். என்னோடு படித்தவள், இப்போது கணக்கு ரீச்சர். அவள் வீட்டுக் கூரை முழுக்கப் பலகை.

"உனக்கென்ன விசரோடி?" என்றாள். "வருஷம் பிறக்கிற அண்டைக்கு ஓடிக்கொண்டிருக்கிறதை நிப்பாட்டுறதோ? மாமி பிரேக்கருக்குக் கிட்டவும் விடமாட்டா. ஒருத்தரும் செய்யாயினம்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"முதல் நாள் பின்னேரம் நிப்பாட்டச் சொல்லு. பழைய வருஷத்தோட போகட்டும். பிறகு நல்ல நேரத்தில போடச் சொல்லு. சனம் சந்தோஷமாச் செய்யும்."

அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. சூரியன் இறங்கிய பிறகு நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை, விடியும்போது எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். "அந்த நல்ல நேரம் எப்ப?" என்று கேட்டேன்.

"எங்கட பஞ்சாங்கத்தில கைவிசேஷம் பின்னேரம் நாலு பத்துக்குப் பிறகு."

நாலு பத்துக்கு வெயில் சாய்ந்துவிடும். இதைவிட எனக்கு என்ன வேண்டும்? "பழைய வருடத்தில் நிறுத்துங்கள், புது வருடத்தின் சுபநேரத்தில் போடுங்கள்" என்று எழுதினேன். மணி போட்டிருக்கலாம். போட்டால் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தேன். என் அழகுணர்ச்சியைப் பற்றி என் கணவருக்கு ஏற்கெனவே நல்ல அபிப்பிராயம் இல்லை.

வசந்த ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் அதைச் சிங்களத்தில் எழுதித் தந்தான். "வேலை தொடங்கும் சுபநேரத்தில் போடுங்கள்" என்று. அவனுக்குத் தெரிந்த சுபநேரம் பன்னிரண்டு ஏழு. எனக்குத் தெரிந்தது நாலு பத்து. இருவரும் ஒருவரையொருவர் கெட்டிக்காரர் என்று பாராட்டிக்கொண்டு பிரிந்தோம்.

புத்தாண்டு அன்று காலை எட்டு மணிக்கு அறையில் ஒரு குதூகலம். வழக்கமாக வெயில் ஏற ஏறச் சரிகிற தேவைக் கோடு சரியவில்லை. சனம் கேட்டுவிட்டது. தீவு முழுக்க, யாரும் வற்புறுத்தாமல், ஆட்கள் தங்கள் பலகைகளை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார்கள். நான் கதிரையில் இருக்க முடியாமல் நடந்து திரிந்தேன். ஃபாரூக் நானா சிரித்தார். "புள்ள, இருங்க. தரை தேஞ்சி போகும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் புரியாணி வந்தது.

நாலாவது படியிலிருந்து

பொதியை மேசையில் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஃபாரூக் நானா அவசரப்படாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார்.

"அப்ப உச்சி வெயில்ல, எல்லாம் ஒரே நிமிஷத்துல வரும். அப்படித்தானே?"

"ஓம் நானா."

"நிறுத்தாம உட்டிருந்தாலும் மெதுவா வந்தீக்கும்."

"ஓம் நானா."

திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பெரியவருக்கு எடுத்தோம், போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வசந்தவுக்கு எடுத்தோம், அதுவும் அப்படியே. இருவரும் ஏதோ ஒரு விகாரையில் வெள்ளை உடுத்து அமர்ந்திருப்பார்கள். மாற்றுச் செய்தி அனுப்புவோமா என்று கேட்டேன்.

"வேணாம். போட்டத மாத்திப் போட்டா பாதிப் பேர் பதறிப்போய் இப்பவே போடுவாங்க" என்றார்.

பட்டியல் என் முன்னால் கிடந்தது. வெள்ளவத்தை முதலாவது. ஜெயந்தி பொங்கிக்கொண்டிருப்பாள். சொன்ன சொல்லைக் கேட்டுப் பலகையை நிறுத்திய சனத்துக்குத் தண்டனையாக அவர்களின் மின்சாரத்தை நானே, என் கையால் வெட்ட வேண்டும். இனி எந்த வருடமும் எவரும் எங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். அதை நினைக்கத்தான் தாங்கவில்லை.

காவலாளி மூடிய புத்தகத்தைப் பார்த்தபடி நின்ற கோலம் நினைவுக்கு வந்தது. அவர் எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. பன்னிரண்டு ஏழுக்கு எழுதத் துடித்துக்கொண்டிருந்தார்.

"நானா, அந்த நிமிஷம் பலகை மட்டும் வேலை தொடங்கத் தேவையில்லையே. பம்புகளும் தொடங்கலாம்."

அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் கூடிவிட்டால், தின்பதற்கு ஆள் சேர்ப்பதுதானே வழி. யார் யார் பூட்டு என்ற பட்டியல் என்னிடமே இருந்தது, அதை வைத்தே கணித்தவள் நான். தண்ணீர் பம்பு நிலையங்கள், மீன் துறைமுகத்து ஐஸ் தொழிற்சாலைகள், குளிர்க் களஞ்சியங்கள். இரண்டு போனில் இரண்டு பேரும் தொடங்கினோம். வேறு நாளில் கேட்டிருந்தால் "லீவு நாள், ஆளில்லை" என்று வைத்துவிடுவார்கள். அன்று நான் ஒரே வசனம்தான் சொன்னேன்: "பன்னிரண்டு ஏழுக்கு உங்கள் பெரிய பம்பைப் போட முடியுமா?"

களனி ஆற்றங்கரைப் பம்பு நிலையத்தில் இருந்தவர் சிரித்தே விட்டார். "புது வருடத்து முதல் வேலைக்கு ஏதாவது ஒன்றைத் தொட வேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் மிஸ். சின்னதைப் போடலாம் என்று இருந்தோம். பெரிதையே போடுகிறோம்" என்றார். ஐஸ் தொழிற்சாலைக்காரர் எந்தத் திசையைப் பார்த்து நின்று சுவிட்சைப் போட வேண்டும் என்று என்னிடமே கேட்டார். தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். ஓர் ஆலை முகாமையாளர் மட்டும், விளையாடுகிறீர்களா என்று கேட்டு வைத்துவிட்டார்.

இதற்கிடையில் ஃபாரூக் நானா நிலக்கரி இயந்திரங்களை அவற்றால் இயன்ற அடிமட்டத்துக்கு இறக்கி, அந்த இடத்தை மலைநாட்டு நீர் நிலையங்களைக் கொண்டு நிரப்பினார். தண்ணீரை நொடியில் குறைக்கலாம். இறங்குவதற்கு இடம் வேண்டுமே.

ஏழாவது நிமிடம்

பன்னிரண்டு ஐந்துக்கு எல்லோரும் சுவர் எண்ணுக்கு முன்னால் இருந்தோம். புரியாணி பிரிக்கப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு ஏழு.

எண் விழுந்தது. ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது, புள்ளி எட்டு. பம்புகள் எல்லாம் சொன்ன சொல் தவறாமல் ஒன்றாய் எழும்பிவிட்டன. நீர் நிலையங்கள் தாமாகவே கொஞ்சம் ஏறித் தாங்கின. ஆனால் கூரைகளிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வராது. அதுதான் நாங்கள் நம்பியிருந்த கணக்கு. பலகையோடு இருக்கிற இன்வேர்ட்டர் பெட்டி, சுவிட்சைப் போட்டவுடன் மின்சாரம் தராது. லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று ஏறத்தாழ ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் தரும். அந்த ஐந்து நிமிடமும் பம்புகளின் பாரம் எங்கள் தோளில்.

புள்ளி ஏழு. ஃபாரூக் நானாவின் கை போனுக்குப் போனது. "இன்னொரு நீர் இயந்திரம் எடுப்போம் புள்ள."

"வேண்டாம் நானா. இப்ப எடுத்தா, வெயில் வரேக்க அதையும் சேர்த்து இறக்க வேணும். பொறுங்கோ."

"கூரைக்காரங்க போடலைண்டா?"

"போட்டிருப்பினம்."

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு கூரையைக்கூட நான் பார்க்கவில்லை. காலையில் சரியாமல் நின்ற அந்தக் கோட்டை மட்டும்தான் பார்த்திருந்தேன். நேற்றுக் கேட்ட சனம் இன்றும் கேட்கும் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டு பன்னிரண்டுக்கு எண் நிமிர்ந்தது. புள்ளி எட்டு, புள்ளி ஒன்பது, ஐம்பது. நிற்கவில்லை. ஐம்பது புள்ளி ஒன்று. புள்ளி இரண்டு. ஃபாரூக் நானா இரண்டு போனையும் இரு காதிலும் வைத்துக்கொண்டு மலைநாட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். "குறைங்க, இன்னும் குறைங்க, குறைச்சிட்டே இருங்க." பட்டியலின் தலையில் இருந்த அளவுக்கு இன்னும் கொஞ்சம்தான். வெள்ளவத்தையின் பெயருக்கு மேல் என் விரல் இருந்தது.

எண் அங்கேயே நின்றது. ஒரு நிமிடம் நின்றது. பிறகு இறங்கி ஐம்பதில் வந்து அமர்ந்தது.

நண்பகல் வெயில், பன்னிரண்டு ஏழுக்குப் போட்ட அத்தனை கூரைகளிலிருந்தும், எங்கள் கைக்குள் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. ஃபாரூக் நானா போன்களை வைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ். சோத்தப் பிரிங்க" என்றார். அத்தனை ருசியான ஆறிப்போன புரியாணியை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை.

சின்னப் பள்ளம்

ஐந்து மணி போலப் பெரியவர் கொண்டைப் பணியாரமும் கொக்கிஸும் என்று புத்தாண்டுப் பலகாரங்கள் நிறைந்த தட்டுடன் வந்தார். வரும்போதே முகமெல்லாம் சிரிப்பு. அறைக்கு எடுத்து விசாரித்த வசந்த, வழியில் அவரைப் போனில் பிடித்து ஏதோ சொல்லியிருக்கிறான்.

"சுபநேரத்தில் பலகைகளையும் பம்புகளையும் சேர்த்தே எழுப்பியிருக்கிறாய். இதை எனக்கு முதலில் சொல்லியிருந்தால் அனுமதித்திருக்க மாட்டேன். என்ன துணிச்சலான திட்டம்" என்றார் சிங்களத்தில். மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் என் பெயரைப் போடப் போவதாகவும் சொன்னார். ஃபாரூக் நானா கூரையைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பெரியவர் அன்றைய வரைபடத்தை விரித்தார். பன்னிரண்டு மணிப் பக்கத்தை ரசித்துத் தடவினார். விரல் நகர்ந்து நாலு பத்துக்குச் சற்றுப் பின்னால் நின்றது. அங்கே தேவைக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம். வடக்கிலும், கிழக்கிலும், வெள்ளவத்தையிலும் விழுந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

"இது என்ன? ஏதாவது பிழையா?" என்று கேட்டார்.

ஆமாம் சேர் என்று சொல்லிவிட்டுப் பலகாரத்தை எடுத்திருக்கலாம். அறிக்கையில் பெயர் வரும். என் வாய்க்கு அது முடியவில்லை.

"இல்லை சேர். அதுதான் என் திட்டம்" என்றேன். "பன்னிரண்டு மணிக்கு வந்ததுதான் பிழை."

எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயந்தியின் பஞ்சாங்கம், மணி போடாத செய்தி, நாலாவது படி, ஒன்றும் விடவில்லை. அவர் சிரிப்பை நிறுத்தி முழுவதையும் கேட்டார். என் கையிலிருந்த பட்டியலை வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"ஒவ்வொன்றாகச் சொல்" என்றார். "அடுத்த வருடம் இந்தப் பிழையை ஒழுங்காகச் செய்ய வேண்டும்."